ஃப்ரீசர் பணமும் டிசம்பர் தேர்தலும்

லஞ்சப் பணத்தை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று ஒரு போட்டி வைத்தால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து எம்.பி. வில்லியம் ஜெஃபர்சனுக்கு ஆறுதல் பரிசாவது கொடுத்தாக வேண்டும். 2005 ஆகஸ்ட் 3 அன்று வாஷிங்டனில் உள்ள அவர் வீட்டை எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் உறைந்த உணவு டப்பாக்கள். ஒன்று காய்கறி பர்கர் டப்பா, இன்னொன்று பை செய்வதற்கான மாவு டப்பா. அதற்குள் அலுமினியம் ஃபாயிலில் சப்பாத்தி மாதிரி பத்தாயிரம் பத்தாயிரமாகச் சுற்றி வைத்த டாலர் கட்டுகள். மொத்தம் 90,000 டாலர். அந்த நோட்டுகளின் எண்கள் எஃப்.பி.ஐ. ஏற்கெனவே குறித்து வைத்திருந்த எண்களோடு பொருந்தின, ஏனென்றால் அந்தப் பணமே எஃப்.பி.ஐ. கொடுத்தனுப்பியதுதான்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். "ஃப்ரீசர் எம்.பி." என்று சொன்னால் அமெரிக்க அரசியலைக் கொஞ்சம் கவனிப்பவர்கள் இன்றும் சிரிப்பார்கள். அப்புறம் அவர் தேர்தலில் தோற்றார், ஜெயிலுக்குப் போனார், சுபம் என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு உறுத்துவது நடுவில் விட்டுப்போகும் இடம்தான். பணம் கிடைத்தது 2005 ஆகஸ்டில், அவர் தோற்றது 2008 டிசம்பரில். இடையில் 2006இல் ஒரு தேர்தல் வந்தது, அதில் நன்றாகவே ஜெயித்தார். 2008இல்கூட டிசம்பரில் தோற்பதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பர் 4 அன்று, 90,000க்கும் மேல் ஓட்டு வாங்கி இன்னொரு தேர்தலில் ஜெயித்திருந்தார். அதனால் "ஊழல்வாதியை மக்கள் தூக்கியெறிந்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தது அதைவிடச் சிக்கலானது, சுவாரசியமானதும்கூட.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ஜெஃபர்சன் 1947இல் லூசியானாவின் வடகிழக்கு மூலையில் லேக் பிராவிடன்ஸ் என்ற சிற்றூரில், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கிருந்து சதர்ன் பல்கலைக்கழகம், பிறகு ஹார்வர்டில் சட்டம். சும்மா வந்த உயரம் இல்லை. 1990இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய இரண்டாவது தொகுதியில் ஜெயித்தபோது, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்துக்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஊரில் அவருக்கு "டாலர் பில்" என்றொரு பட்டப்பெயர் அப்போதே உண்டு. அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டச் மோரியல் வைத்த பெயர் என்பார்கள். அதாவது இந்த மனிதருக்குப் பணத்தில் ஒரு கண் உண்டு என்பது ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை, தெரிந்தேதான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிவிதிப்பைக் கவனிக்கும் வலுவான கமிட்டியில் இருந்தார், ஆப்பிரிக்க நாடுகளோடு வர்த்தகம் என்றால் அவரைத்தான் கேட்பார்கள்.

சிக்கல் வந்ததும் அந்த ஆப்பிரிக்கா வழியாகத்தான். கென்டக்கியில் ஐகேட் என்றொரு சிறிய நிறுவனம் (இந்தியர்களுக்குத் தெரிந்த அந்த ஐடி கம்பெனி இல்லை, இது வேறு). பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியிலேயே வேகமான இணையம் கொடுக்கும் தொழில்நுட்பம் அவர்களுடையது. நைஜீரியாவில் அதை விற்க ஜெஃபர்சன் உதவினார், பதிலுக்குப் பங்கும் பணமும் தன் குடும்பத்தினர் பெயரில் இருந்த நிறுவனங்களுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார் என்பது வழக்கின் சாரம். அந்தத் திட்டத்தில் பணம் போட்ட வர்ஜீனியாக்காரப் பெண் ஒருவருக்குச் சந்தேகம் வந்து எஃப்.பி.ஐ.யிடம் போய்விட்டார், அதன்பிறகு ரெக்கார்டரை உடம்பில் மாட்டிக்கொண்டே ஜெஃபர்சனோடு பேசப் போனார். 2005 ஜூலை 30 அன்று வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு பெரிய ஓட்டலின் வெளியே, அந்தப் பெண்ணின் காரிலிருந்து 1,00,000 டாலர் இருந்த பெட்டியை ஜெஃபர்சன் எடுத்துப் போவது வீடியோவில் பதிவானது. நைஜீரியாவின் அப்போதைய துணை அதிபர் அதிகு அபுபக்கருக்குக் கொடுப்பதற்கான பணம் என்று பேச்சு. அபுபக்கர் இதையெல்லாம் மறுத்தார், அவர்மீது வழக்கும் இல்லை. எப்படியும் பணம் அவரிடம் போய்ச் சேரவில்லை. நாலு நாள் கழித்து அதில் 90,000 ஃப்ரீசரில் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சோதனை முடிந்து நாலு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. நியூ ஆர்லியன்ஸின் கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நாலு பங்கு தண்ணீருக்குள் போனது. மக்கள் கூரைமேல் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 2 அன்று ஜெஃபர்சன் நேஷனல் கார்டு படையினரோடு வெள்ளச் சேதத்தைப் பார்க்கப் போகிறார். போகிற வழியில் வண்டி அவருடைய சொந்த வீட்டுக்குத் திரும்புகிறது. வீட்டு வாசற்படி வரைக்கும் ராணுவ டிரக் ஏற்றி நிறுத்தப்படுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் படைவீரர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே போனவர் ஒரு லேப்டாப், மூன்று சூட்கேஸ், சின்ன ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி ஆகியவற்றோடு வெளியே வருகிறார். அதற்குள் டிரக் சேற்றில் புதைந்துவிட, அதை மீட்க இன்னொரு டிரக் வரவேண்டியிருந்தது. ஏபிசி தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தபோது, தனக்கென்று எதையும் கேட்கவில்லை என்றார்.

உண்மையைச் சொன்னால் ஃப்ரீசர் விஷயத்தைவிட எனக்கு இந்த டிரக் விஷயம்தான் அதிகம் கோபம் வரவழைக்கிறது. ஃப்ரீசரில் இருந்தது எஃப்.பி.ஐ. பணம், யாருக்கும் நேரடி நஷ்டம் இல்லை. இந்த ஒரு மணி நேரமும் அந்த இரண்டு டிரக்கும் கூரைமேல் நின்றவர்களுக்குப் போயிருக்க வேண்டியவை. ஆனால் பாருங்கள், எந்தச் சட்டத்திலும் இது குற்றம் இல்லை. குற்றப்பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

2006 மே மாதம் எஃப்.பி.ஐ. இன்னும் ஒரு படி மேலே போய் அவருடைய நாடாளுமன்ற அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்தது. சனிக்கிழமை இரவு ஆரம்பித்து ஞாயிறு வரைக்கும் சோதனை. அந்த நாட்டின் இருநூறு வருடத்துக்கு மேலான வரலாற்றில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் போலீஸ் சோதனை நடப்பது அதுவே முதல் முறை. உடனே என்ன ஆயிற்று? ஜெஃபர்சனின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் ஹாஸ்டெர்ட்டும், ஜெஃபர்சனின் சொந்தக் கட்சித் தலைவர் நான்சி பெலோசியும் கைகோத்துக்கொண்டு, எடுத்த காகிதங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கூட்டறிக்கை விட்டார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போயின. அதிபர் புஷ் தலையிட்டு அந்தக் காகிதங்களை 45 நாள் சீல் வைக்கச் சொன்னார். (பின்னால் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தச் சோதனை நடந்த விதம் அரசியல் சாசனத்தை மீறியது என்றே சொன்னது. ஆகவே அவர்கள் கத்தியது முழுக்கச் சுயநலம் என்று சொல்லிவிட முடியாது. பாதியாவது இருக்கும்.) அதேசமயம் பெலோசி ஜெஃபர்சனை அந்த வரிவிதிப்புக் கமிட்டியிலிருந்து நீக்கினார். கறுப்பின உறுப்பினர்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குற்றப்பத்திரிகைகூட இன்னும் வரவில்லை, இப்படி ஒரு விதியை வேறு யாருக்கும் இதுவரை போட்டதில்லையே என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான் அது, ஃப்ரீசரை ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் கேட்டால்.

இந்த நிலைமையில்தான் 2006 தேர்தல். 13 பேர் நின்றார்கள். லூசியானாவில் அப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே களத்தில் மோதி, பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால் முதல் இரண்டு பேர் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். ஜெஃபர்சனும் கேரன் கார்ட்டர் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் போனார்கள். இரண்டு பேரும் ஜனநாயகக் கட்சி, இரண்டு பேரும் கறுப்பினத்தவர். மாநிலக் கட்சியே கார்ட்டரை ஆதரித்தது. ஜெஃபர்சன் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். டிசம்பர் 9 அன்று 57க்கு 43 என்ற சதவீதத்தில் ஜெஃபர்சன் ஜெயித்தார்.

எப்படி? இங்கேதான் ஹாரி லீ வருகிறார். நகரத்தை ஒட்டி ஜெஃபர்சன் பாரிஷ் என்று ஒரு மாவட்டம் (பெயர் நம்ம ஆளுடையது இல்லை, பழைய அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுடையது), அதன் ஒரு பகுதி இந்தத் தொகுதியில் வருகிறது. அங்கே ஷெரிஃப் ஹாரி லீ. சீன வம்சாவளி, ஆள் வாட்டசாட்டமானவர், வாயும் அப்படியே, பல பத்தாண்டுகளாக அந்தப் பகுதியின் வெள்ளையர்கள் மத்தியில் அசைக்க முடியாத செல்வாக்கு. கத்ரீனா சமயத்தில் வெள்ளத்திலிருந்து தப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் வர முயன்ற மக்களை கிரெட்னா ஊர் போலீஸார் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நாடே காறித் துப்பிய சம்பவம் அது. ஓர் ஆவணப்படத்தில் கார்ட்டர் அதைக் கடுமையாக விமர்சித்திருந்தார். ஹாரி லீக்கு அது பொறுக்கவில்லை. கார்ட்டருக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று தன் பகுதி வாக்காளர்களுக்கு அஞ்சல் அனுப்பினார். அவ்வளவுதான், ஜெஃபர்சன் பாரிஷில் ஜெஃபர்சனுக்கு ஓட்டு குவிந்தது.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசித்துப் பாருங்கள். வெள்ளத்தில் தவித்த கறுப்பின மக்களைப் பாலத்தில் தடுத்தது தப்பு என்று ஒரு கறுப்பினப் பெண் சொல்கிறார். அதற்காக அவர்மேல் கோபப்பட்ட வெள்ளைக்காரப் புறநகர் வாக்காளர்கள், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மாநிலத்துக்குக் கிடைத்த முதல் கறுப்பின எம்.பி.யை, அதுவும் ஃப்ரீசரில் பணம் பிடிபட்டவரை, ஜெயிக்க வைக்கிறார்கள். கறுப்பின மக்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று அப்போது நக்கலடித்துக் கட்டுரை எழுதியவர்கள் இந்தப் பகுதியைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

2007 ஜூன் 4 அன்று 16 குற்றச்சாட்டுகளோடு குற்றப்பத்திரிகை வந்தது. அதே வருடம் அக்டோபரில் ஹாரி லீ இறந்துபோனார். 2008இல் ஜெஃபர்சன் மறுபடியும் நின்றார்.

இனி தேதிகளைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்த வருடம் லூசியானா தன் பழைய எல்லோரும்-ஒரே-களம் முறையை காங்கிரஸ் தேர்தலுக்கு மட்டும் மாற்றியிருந்தது. முதலில் கட்சிக்குள் பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்), அதில் யாருக்கும் பாதி வராவிட்டால் கட்சிக்குள்ளேயே இரண்டாம் சுற்று, அப்புறம் பொதுத்தேர்தல். செப்டம்பரில் பிரைமரி, அக்டோபரில் இரண்டாம் சுற்று, நவம்பர் 4 அன்று ஒபாமா தேர்தலோடு சேர்த்துப் பொதுத்தேர்தல் என்பது திட்டம். செப்டம்பர் 1 அன்று குஸ்தாவ் புயல் கரையைக் கடந்தது. கத்ரீனா பயத்தில் நகரமே காலியானது. சேதம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் பிரைமரியை நடத்த முடியாமல் அக்டோபர் 4க்குத் தள்ளினார்கள். அதனால் இரண்டாம் சுற்று நவம்பர் 4க்குப் போனது. பொதுத்தேர்தல் டிசம்பர் 6, சனிக்கிழமைக்குப் போனது.

அக்டோபர் பிரைமரியில் ஜெஃபர்சனுக்கு எதிராகத் தன் கட்சியிலேயே ஆறு பேர். கால்வாசி ஓட்டோடு முதலிடம் வந்தார், அடுத்து ஹெலெனா மொரேனோ, உள்ளூர் டிவியில் செய்தியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். மூன்றாவதாக வந்தவர் செட்ரிக் ரிச்மண்ட், அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 4 அன்று ஒபாமாவுக்கு ஓட்டுப் போட நகரத்தின் கறுப்பின மக்கள் திரண்டு வந்தார்கள். வந்தவர்கள் அதே சீட்டில் ஜெஃபர்சனா மொரேனோவா என்பதற்கும் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது, ஜெஃபர்சனுக்கு சுமார் 57 சதவீதம். ஒபாமா அந்தத் தொகுதியில் முக்கால்வாசி ஓட்டு வாங்கினார். அப்படிப்பட்ட தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஆகிவிட்டால் அப்புறம் பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயம். 1890க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சிக்காரர் யாரும் ஜெயித்ததில்லை. ஜெஃபர்சன் அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

எதிரே நின்றவர் பெயர் ஜோசப் காவ், முழுப்பெயர் ஆன் குவாங் காவ். 1967இல் சைகோனில் பிறந்தவர். எட்டு வயதில், சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால், மாமாவோடும் இரண்டு உடன்பிறப்புகளோடும் தப்பி வந்தார். தென்வியட்நாம் ராணுவ அதிகாரியான அப்பா ஏழு வருடம் கம்யூனிஸ்டுகளின் முகாமில் கிடந்தார். பிள்ளை இயற்பியல் படித்தார், இயேசு சபையில் சேர்ந்து பாதிரியாராகப் படித்தார், அதை விட்டுவிட்டுச் சட்டம் படித்தார், நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் வாழும் வியட்நாமிய மக்களுக்குக் குடியேற்ற வழக்குகள் பார்த்துக்கொண்டிருந்தார். கத்ரீனாவுக்குப் பிறகு முதலில் திரும்பி வந்து வீட்டைக் கட்டியவர்கள் அந்த வியட்நாமிய மக்கள்தான், அவர்களின் மாதா கோயில்தான் அதற்கு மையம். புயல் இடிபாடுகளைக் கொட்ட மாநகராட்சி அவர்கள் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு குப்பைக்கிடங்கைத் திறந்தபோது ஊரே சேர்ந்து போராடி அதை மூட வைத்தது. காவ் அந்தப் போராட்டத்தில் இருந்தார். 2007இல் மாநிலச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்று மோசமாகத் தோற்றவர். இதுதான் அவருடைய அரசியல் அனுபவம் மொத்தமும்.

டிசம்பர் 6 வந்தது. ஒபாமா ஜெயித்தாகிவிட்டது. வரிசையில் நின்று கண்ணீர் விட்டு ஓட்டுப் போட்டு, தெருவில் ஆடி முடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் சாமான் வாங்கும் சனிக்கிழமை. இன்னொரு தேர்தலா, அது எதற்கு என்று கேட்ட ஆட்கள் எத்தனை பேரோ. மொத்தம் விழுந்த ஓட்டு 67,000கூட இல்லை. காவ் 33,132. ஜெஃபர்சன் 31,318. வித்தியாசம் 1,814. பசுமைக் கட்சியிலிருந்து மாலிக் ரஹீம் என்று ஒருவர் நின்றார், பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தில் முன்பு இருந்தவர், கத்ரீனாவுக்குப் பிறகு இலவச மருத்துவமும் நிவாரணமும் நடத்தியவர். அவர் வாங்கிய ஓட்டே கிட்டத்தட்ட அந்த வித்தியாசத்தின் அளவுக்கு இருக்கும். வியட்நாமிலிருந்து வந்தவர் அமெரிக்க காங்கிரஸுக்குள் போவது அதுவே முதல் முறை.

இப்போது ஒரு கேள்வி வரும். 2006 இரண்டாம் சுற்றும் டிசம்பரில்தானே நடந்தது, அப்போதும் கூட்டம் குறைவுதானே, அதில் ஜெயித்தவர் இதில் ஏன் தோற்றார்? சரியான கேள்வி. 2006 டிசம்பரில் அவர் வாங்கியது சுமார் 35,000. 2008 டிசம்பரில் 31,000 சொச்சம். பெரிய சரிவு இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன ஆனாலும் அவரை விடாத ஒரு முப்பதாயிரம் பேர் அந்தத் தொகுதியில் இருந்தார்கள். தேவாலயம், தெருக்கமிட்டி, அவரும் அவர் குடும்பமும் முப்பது வருடமாகக் கட்டி வைத்த அமைப்பு, இதெல்லாம் மழையோ குளிரோ கொண்டுவந்து சேர்க்கிற ஓட்டு. மாறியது எதிர்ப்பக்கம். 2006இல் எதிரே நின்றவரும் ஜனநாயகக் கட்சி என்பதால் வெள்ளைக்காரப் புறநகரின் குடியரசுக் கட்சி ஓட்டுக்குச் சொந்த வீடு இல்லை. ஹாரி லீ அதை ஜெஃபர்சன் பக்கம் தள்ளிவிட்டார். 2008இல் அவர்களுக்கென்றே ஒரு வேட்பாளர் இருந்தார், அந்த ஷெரிஃபும் இல்லை. ஜெஃபர்சனை வெறுத்த வெள்ளை ஜனநாயகக் கட்சியினரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காவுக்குப் போட்டார்கள். நவம்பரில் ஜெஃபர்சனுக்குப் போட்டவர்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அந்த அறுபதாயிரம் பேரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. அவர்கள் காவுக்கு ஓட்டுப் போடவில்லை. ஜெஃபர்சனுக்கு எதிராகவும் போடவில்லை. சோம்பலா, ஜெயித்துவிடுவார் என்ற நினைப்பா, இல்லை, இந்த மனிதருக்காக ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லையா? மூன்றும் கலந்துதான் இருக்கும் என்பது என் ஊகம். ஒபாமாவுக்காக வந்தபோது கூடவே இவருக்கும் ஒரு குத்து, அது சுலபம். இவருக்காக மட்டும் என்று கிளம்பி வருவதற்கு ஃப்ரீசரும் டிரக்கும் இடையில் நின்றிருக்கலாம். குஸ்தாவ் புயல் பத்து நாள் தள்ளி வந்திருந்தால் பொதுத்தேர்தல் நவம்பர் 4 அன்றே நடந்திருக்கும், குற்றப்பத்திரிகையோடே ஜெஃபர்சன் மறுபடியும் எம்.பி. ஆகியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கத்ரீனாவில் ராணுவ டிரக் கிடைத்த மனிதருக்கு அடுத்த புயலில் பதவி போனது.

வாஷிங்டனில் குடியரசுக் கட்சிக்காரர்கள் இதை வேறுமாதிரி படித்தார்கள். ஒபாமா அலையில் அடிபட்டுக் கிடந்த அவர்களுக்கு ஒரு மாதத்தில் இப்படி ஒரு வெற்றி. அவர்களின் அவைத் தலைவர் போனர், எதிர்காலமே காவ்தான் என்று தலைப்பிட்டுக் கட்சிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பாவம் காவ், தன் தொகுதி எது என்று அவருக்குத் தெரியும். 2009 நவம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா கீழவையில் 220க்கு 215 என்று நூலிழையில் நிறைவேறியபோது, ஆதரித்து ஓட்டுப் போட்ட ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர்தான். எதிர்காலம் என்று கொண்டாடியவர்களே முறைத்தார்கள். அடுத்த மார்ச்சில் கருக்கலைப்பு தொடர்பான பிரிவு மாறியதும் எதிர்த்து ஓட்டுப் போட்டார், இந்தத் தடவை தொகுதிக்காரர்கள் முறைத்தார்கள். மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு விசாரணையில் பிபி நிறுவன அதிகாரியைப் பார்த்து, சாமுராய் காலமாக இருந்தால் உங்கள் கையில் கத்தியைக் கொடுத்து வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் என்ற அர்த்தத்தில் பேசினதுதான் அவரைப் பற்றி டிவியில் அதிகம் வந்த செய்தி. 2010 நவம்பரில், புயல் எதுவும் குறுக்கே வராத ஒழுங்கான தேர்தலில், செட்ரிக் ரிச்மண்ட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஒபாமாவே ரிச்மண்டுக்கு ஆதரவாகப் பேசினார். ஊழலை ஒழித்த நாயகனுக்கு ஊர் கொடுத்த அவகாசம் ஒரே ஒரு தவணை.

ஜெஃபர்சன் வழக்கு 2009 கோடையில் வர்ஜீனியாவில் நடந்தது. 16இல் 11 குற்றச்சாட்டுகளில் தண்டனை. வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில், அதாவது ஃப்ரீசர் பணம் எதற்காகவோ அந்தக் குற்றச்சாட்டில், அவரை விடுவித்துவிட்டார்கள். அவர்தான் பணத்தைக் கொடுக்கவே இல்லையே, ஃப்ரீசரில்தானே வைத்திருந்தார் என்பது வழக்கறிஞர்களின் வாதம். மற்றவற்றுக்காக 13 வருடம். மேல்முறையீடு எல்லாம் முடிந்து 2012இல்தான் சிறைக்குப் போனார். 2016இல் வர்ஜீனியா முன்னாள் ஆளுநர் மெக்டொனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் புது விளக்கம் கொடுத்தது. பதவியில் இருப்பவர் ஒருவருக்காகக் கூட்டம் ஏற்பாடு செய்வதோ, ஆளை அறிமுகப்படுத்துவதோ மட்டும் "அலுவல் செயல்" ஆகிவிடாது, அதனால் அதற்காக வாங்கியது லஞ்சம் ஆகாது என்று. இந்த விளக்கம் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. எம்.பி.யிடம் காசு கொடுத்து ஒருவன் வேறு என்னதான் வாங்குவான், அறிமுகத்தைத்தான் வாங்குவான். அதை வைத்து ஜெஃபர்சன் மறுபடி மனு போட, அவருக்குத் தண்டனை கொடுத்த அதே நீதிபதி எல்லிஸ் 2017 அக்டோபரில் பெரும்பாலான குற்றச்சாட்டுகளை ரத்து செய்து வெளியே விட்டார். டிசம்பரில், உள்ளே இருந்த ஐந்தரை வருடமே போதும் என்று வழக்கை முடித்தார்கள்.

2008 நவம்பரில் அவரிடம் தோற்ற மொரேனோ அதன்பிறகு மாநிலச் சட்டமன்றம், மாநகர மன்றம் என்று படிப்படியாக ஏறி, 2025 அக்டோபரில் முதல் சுற்றிலேயே ஜெயித்து நியூ ஆர்லியன்ஸ் மேயர் பதவியைப் பிடித்தார். அந்தத் தேர்தலுக்கு முன்னால் பதவியில் இருந்த மேயர் லடோயா கான்ட்ரெல் மீது ஆகஸ்டில் மத்திய அரசின் குற்ற வழக்கு. அவர் தவணை வரம்பு முடிந்து நிற்க முடியாத நிலையில் இருந்ததால், அவருக்கு ஊர் என்ன பதில் சொல்லியிருக்கும் என்று பார்க்க வாய்க்கவில்லை.